ஏழாம் நாள் தண்ணீர்

இரவில் நடந்ததாகச் சொன்னால் கேட்பவர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. தூக்கக் கலக்கம், நிழல், இருட்டு என்று எதன் மேலாவது பழியைப் போட்டுவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிடலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். கத்திரி வெயிலில், திறந்த மொட்டை மாடியில். 1973ஆம் வருஷம் மே மாதம் 11ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2:20 முதல் 2:40 வரை.

நேரத்தில் தவறு இருக்காது. அந்த ஒரு வாரமும் நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மாமியார் இருந்தவரை சொல்ல முடியாது. போன மாதம் அவர்களும் போய்விட்டார்கள். இனி நான் மறைக்க வேண்டிய ஆள் ஒருவர்தான். அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

என் பெயர் சண்முகவடிவு. கல்யாணத்துக்கு முன்பு தூத்துக்குடியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். என் கணவர் அய்யாதுரை. ரங்கநாதன் தெருவில் எங்களுக்குச் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை. அவரும் அவர் தம்பி சுந்தரமும் பார்த்துக்கொண்டார்கள். உஸ்மான் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் அத்தை, சுந்தரம் எல்லோரும் ஒன்றாகக் குடியிருந்தோம். மொட்டை மாடியில் கட்டிய இரண்டு அறை. வாசலைத் தாண்டினால் வெட்டவெளித் தளம். தெருக் கதவிலிருந்து மேலே வர முப்பத்திரண்டு படி.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்ல வேண்டும். வயது முப்பத்தொன்று. லாரியில் வந்து இறங்கும் துணி மூட்டையைக் கூலியாள் இல்லாமல் தானே தோளில் ஏற்றிக் கடை மாடிக்குக் கொண்டுபோவார். ஒரு நாள் தலைவலி என்று படுத்ததில்லை. ஒரே கெட்ட பழக்கம் சிகரெட். அதையும் அம்மாவுக்குப் பயந்து தளத்தின் மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பிடிப்பார். ஊருக்கே தெரியும், அத்தைக்கும் தெரியும். தெரியாதது போல அத்தை இருமுவார்கள். அவர் அணைத்துவிட்டு வருவார்.

ஏப்ரல் மாதம் எங்கள் மகள் மீனாட்சிக்கு அம்மை கண்டது. அவளுக்கு ஐந்து வயது. சின்னம்மைதான். நாலு நாள் சிணுங்கினாள். ஏழாம் நாள் தண்ணீர் ஊற்றினோம். எட்டாம் நாள் தெருவில் பாண்டி ஆடினாள்.

தண்ணீர் ஊற்றுவது பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு முறை இது. பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பி, மஞ்சள் கரைத்து, வேப்பிலை போட்டுக் காலையிலேயே வெயிலில் வைத்துவிட வேண்டும். அடுப்பில் வைக்கக் கூடாது. வெயில்தான் சுட வைக்க வேண்டும். அம்மை கண்டவரை மணையில் உட்கார வைத்து ஐந்து சொம்பு. முதல் சொம்பு தலைக்கு. பிறகு வலது தோள், இடது தோள், முதுகு. கடைசிச் சொம்பு பாதத்துக்கு. அதோடு அம்மா கால் வழியாக இறங்கிப் போவாள் என்பது அத்தையின் வாக்கு. அது வரைக்கும் வீட்டில் தாளிப்பு கிடையாது, தலை சீவுவது கிடையாது, டாக்டர் கிடையாது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவள் தெரு வாசலைத் தாண்டக் கூடாது.

மே 5, சனிக்கிழமை, கடையிலிருந்து சீக்கிரமாக வந்தவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்.

"ஏ டீச்சரம்மா, உன் மக எனக்கும் பங்கு குடுத்திருக்கா பாரு."

மார்பில் நான்கு கொப்புளம். பனித்துளி போல.

அன்று ராத்திரிக்குள் உடம்பெல்லாம். தலைமுடிக்குள், இமையில், உள்ளங்கையில். குழந்தைக்கு எண்பதோ நூறோ இருந்திருக்கும். இவருக்கு இடைவெளியே இல்லை. கீழ்ப் போர்ஷன்காரர்கள் மறுநாளே சிந்தாதிரிப்பேட்டையில் உறவினர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அத்தை வாசலில் வேப்பிலைக் கொத்து செருகினார்கள். பெரிய அறையில் தரையில் வேப்பிலை பரப்பி அவரைப் படுக்க வைத்தோம். இளநீர், நுங்கு, பழைய சோறு.

திங்கள்கிழமை, மூன்றாம் நாள், இருமல் ஆரம்பித்தது. வறட்டு இருமல்.

"அம்மா தொண்டைக்குள்ளயும் முத்துப் போட்டிருக்கா. வெளையாட்டுக்காரி. ஆறிட்டா சரியாப் போவும்" என்றார்கள் அத்தை.

நான் தலையாட்டினேன்.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்பு மீனாவுக்கு மார்ச்சளி கட்டியபோது, பனகல் பார்க் அருகே டிஸ்பென்சரி வைத்திருந்த டாக்டர் கல்யாணராமன் எனக்கு ஒன்று கற்றுக்கொடுத்திருந்தார். "நெஞ்சு ஏறி இறங்கறதை ஒரு நிமிஷம் எண்ணுங்கோ. குழந்தைக்கு நாற்பது வரைக்கும் பயமில்லை. பெரியவாளா இருந்தா இருபதைத் தாண்டப்படாது."

திங்கள்கிழமை மாலை, அவர் கண் மூடியிருந்தபோது, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். இருபத்துநான்கு.

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்தேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. எழுதிவிட்டால் ஏதோ செய்துவிட்டதாக ஒரு எண்ணம் வருகிறது.

அவர் தூங்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"எத்தனை மார்க்?"

"இருபத்துநாலு."

"பாஸா?"

"பாஸ்தான்."

செவ்வாய்க்கிழமை முப்பது.

புதன்கிழமை முப்பத்தெட்டு.

புதன் மதியம் குளியலறை வரை நடந்துபோக அவர் மூன்று தடவை நின்றார். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. "தண்ணி..." மூச்சு. "கொஞ்சம்..." மூச்சு. "குடு வடிவு." அன்று ஐந்தாம் நாள். அன்றைக்கே தண்ணீர் ஊற்றிவிடலாமா என்று அத்தையிடம் கேட்டேன். புதுசாக இன்னும் முத்து எழும்புகிறது, ஊற்றக் கூடாது, வெள்ளிக்கிழமை ஏழாம் நாள், நல்ல நாள், அன்றைக்குத்தான் என்றார்கள்.

"டாக்டரை ஒரு தரம்..." என்று இழுத்தேன்.

"ஏட்டி, நீ படிச்சவ. நான் படிக்காதவ. போன மாசம் உம் மகளுக்கு எந்த டாக்டர் வந்தான்? யார் ஊத்துன தண்ணியில எந்திரிச்சா?" அத்தையின் கண் கலங்கியிருந்தது. "ஊசியக் குத்தினா அவ கோவிச்சுக்குவா. இன்னொண்ணும் கேட்டுக்க. கார்ப்பரேஷன்காரன் மோப்பம் புடிச்சான்னா, பெரியம்மைன்னு சொல்லி எம் பிள்ளையத் தொத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவான். அங்க போனவன் எவன் திரும்பி வந்தான்?"

எனக்கு அதற்குப் பதில் இருந்தது. காலண்டர் தாளின் பின்பக்கம் இருந்தது. எடுத்துக் காட்டவில்லை.

அறைக்குள் போனேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். என்னையே பார்த்தார்.

"உண்மையச் சொல்லு. எத்தனை... மார்க்? நீ சொன்னா... நான் கெளம்பிடுதேன். அம்மா... எதுவும் சொல்லமாட்டா."

"இருபத்துநாலு" என்றேன்.

அந்தப் பொய்யை நான் ஆறு வருஷமாகப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். அவர் பயந்துவிடக் கூடாது என்று சொன்னேனா? அது ஒரு பங்கு. அத்தையை எதிர்க்கும் தெம்பு இல்லாமல் சொன்னேனா? அதுவும் உண்டு. ஆனால் அடியில் இன்னொன்று கிடக்கிறது. அந்த வீட்டுக்குள் ஏழு வருஷமாக நான் 'படிச்சவ'. ஒரே ஒரு தடவை, அத்தை சொன்னபடியே எல்லாம் நடந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்து, நானும் அந்த வீட்டுப் பெண்ணாக அந்தச் சொம்பைக் கையில் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இரண்டே நாள்தானே. வெள்ளிக்கிழமை வந்துவிடும். எவ்வளவு பெரிய உடம்பு. இந்த உடம்பு இரண்டு நாள் தாங்காதா?

இருபது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். அதனால்தான் இருபத்துநாலு. பொய்யைக்கூட நான் அளந்துதான் சொன்னேன்.

அவர் லேசாகச் சிரித்தார். "அப்ப சரி... வெள்ளிக்கிழமை... நீதான் ஊத்தணும். அம்மா ஊத்தினா... காதுல தண்ணி போயிரும்."

"நானே ஊத்துதேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வியாழக்கிழமை நாற்பத்தாறு. அதை எழுதும்போது பென்சில் முனை உடைந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை 5:10. இருமலோடு துணியில் ரத்தம் வந்தது. உதடு நீலமாக இருந்தது. நகமும் நீலம். சுந்தரம் யாரையும் கேட்கவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் இருந்த டாக்டர் வீட்டுக்குப் பறந்தான். 6:05க்கு டாக்டர் தன் காரிலேயே வந்துவிட்டார். வாசலில் வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தார்.

"எப்போலேர்ந்து மூச்சு வாங்கறது?"

நான் காலண்டரைப் பார்த்தேன்.

"நிமோனியா. அம்மை நெஞ்சுக்குள்ள எறங்கியிருக்கு. குழந்தைகளை விட்டுடும்மா அது. பெரியவாளைத்தான் இப்படிப் பிடிக்கும். ஆள் எத்தனை திடமா இருந்தாலும் பார்க்காது. சிகரெட் வேற..." அத்தையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும். ஆக்ஸிஜன் வேணும். ரெண்டு நாள் முன்னாடி கூப்பிட்டிருந்தா..."

ரெண்டு நாள். புதன்கிழமை.

நானும் கிளம்பினேன். அத்தை என் கையைப் பிடித்தார்கள்.

"நீ தெரு வாசலைத் தாண்டாத தாயி. தண்ணி ஊத்தாம வீட்டை விட்டுப் போறான். நீயும் வெளியேறினா அம்மாவை அம்போன்னு விட்ட மாதிரி ஆயிரும். நீ தண்ணிய வெயில்ல வையி. கூட்டிட்டு வந்ததும் ஊத்தணும். மதியத்துக்குள்ள கூட்டிட்டு வந்திருவேன்."

சுந்தரமும் டாக்டரும் அவரை நாற்காலியோடு தூக்கிப் படி இறக்கினார்கள். அம்மை வீட்டில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. அவரும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

தெருக் கதவு 'கிரீ...ச்' என்றது. எண்ணெய் போடாத கதவு. யார் வந்தாலும் போனாலும் எங்கள் தளம் வரை கேட்கும்.

7:00. அண்டாவில் தண்ணீர் நிரப்பி மஞ்சள் கரைத்தேன். வேப்பிலையை உருவிப் போட்டேன். தளத்தின் நடுவில் மணையை வைத்தேன்.

10:00. தண்ணீரைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு.

12:00. செய்தி எதுவும் இல்லை. மீனாவுக்குத் தயிர்சாதம் கொடுத்துத் தூங்க வைத்தேன். அறையில் அவர் படுத்த இடத்தில் வேப்பிலை நசுங்கிக் கிடந்தது. நான்கு நாளாக வீடு முழுவதும் அந்த மூச்சுச் சத்தம்தான் இருந்தது. ஹ்... ஹ்... ஹ்... என்று, ரம்பம் அறுக்கிற மாதிரி. இப்போது அது இல்லை. கடிகாரம் மட்டும். அந்தச் சத்தம் கேட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

2:20. மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது. நான் அறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். கண் மூடவில்லை. இதைச் சத்தியம் செய்து சொல்வேன்.

படியில் காலடிச் சத்தம்.

தப்... தப்... தப்...

ஒரே சீராக. முப்பத்திரண்டு படி. எங்கும் நிற்கவில்லை.

அவர் தளத்தில் ஏறி நின்றார்.

இடுப்பில் வேட்டி. மேலே துண்டு இல்லை. முகத்தில் கொப்புளம் எல்லாம் அப்படியே. ஆனால் உதட்டில் அந்த நீலம் இல்லை. வெளுத்திருந்தது.

"வந்துட்டீங்களா!" எழுந்து ஓடினேன். "அத்தை எங்கே? சுந்தரம்?"

"பின்னாடி வாராங்க. கையெழுத்துப் போடணுமாம். அதுல நின்னுக்கிட்டு இருக்காங்க."

"அனுப்பிட்டாங்களா?"

"அனுப்பிட்டாங்க."

முழு வாக்கியம். நடுவில் மூச்சு வாங்கவே இல்லை. முப்பத்திரண்டு படி ஏறி வந்தவருக்கு இரைப்பு இல்லை, இருமல் இல்லை. எனக்கு அழுகை பொங்கிவிட்டது. ஆக்ஸிஜன் கொடுத்திருக்கிறார்கள், சரியாகிவிட்டது, அந்தப் பொய்யால் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை... இப்படித்தான் நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த ஒரு நிமிஷம் அது. அதை மறைக்க விரும்பவில்லை.

"தண்ணி ஊத்து" என்றார்.

மணையில் போய் உட்கார்ந்தார்.

அப்போதுதான் லேசாக ஒன்று உறுத்தியது. தெருக் கதவு கிரீச்சிடவில்லை. காதில் விழாமல் போயிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன்.

முதல் சொம்பை மொண்டேன். தண்ணீர் நன்றாகக் காய்ந்திருந்தது. விரலை வைத்தால் சுருக்கென்றது.

தலையில் ஊற்றினேன். தலையில் பட்டு, தோளில் வழிந்து, தரையில் ஓடி, என் கால்விரலைத் தொட்டது.

ஜில்லென்றிருந்தது.

பானைத் தண்ணீர் மாதிரி. அதைவிடவும்.

வலது தோள்.

வேப்பிலை ஒன்று அவர் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. எடுக்கக் கை நீட்டினேன். என்னவோ... கையை இழுத்துக்கொண்டேன்.

இடது தோள்.

"வடிவு."

"ம்."

"எண்ணு."

"என்னது?"

"மார்க் போடு."

சொம்பைக் கீழே வைத்தேன். அறைக்குள் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. 2:31. அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தேன். ஈரம். குளிர். விரலுக்கடியில் கொப்புளங்கள் தெரிந்தன.

முதுகு ஏறுவதற்காகக் காத்திருந்தேன்.

காத்திருந்தேன்...

பெண்டுலம் போய் வந்தது.

டக்... டக்... டக்...

ஏறவில்லை.

இறங்கவில்லை.

2:32.

ஒரு நிமிஷம் முழுதாகப் போய்விட்டது. நான் ஒன்று என்றுகூட எண்ணவில்லை.

தலைக்கு மேலே சூரியன். என் பல் கிட்டித்தது.

அவர் திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"எத்தனை?"

தெரிந்துவிட்டது எனக்கு. அந்த நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. கத்தியிருக்கலாம். ஓடியிருக்கலாம். ஆனால் அந்தக் குரல் என் வீட்டுக்காரர் குரல். கேட்டுவிட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருந்தார்.

"இருபத்துநாலு" என்றேன்.



"பாஸா?"

"பாஸ்தாங்க..."

தோள் லேசாகத் தளர்ந்தது. நான்காவது சொம்பை மொண்டு முதுகில் ஊற்றினேன். கண்ணீரும் அதோடு சேர்ந்து போனது. இன்னும் ஒரு சொம்பு. பாதத்துக்கு. ஐந்தாவதை மொண்டு முன்பக்கம் வந்தேன். அவர் பாதம் இரண்டும் வெறும் தளத்தில் பதிந்திருந்தன. முகத்தைப் பார்க்கவில்லை. என்னால் முடியவில்லை.

"அம்மா..."

பின்னால் மீனா. தூங்கி எழுந்து வந்திருந்தாள். வெயிலில் காய்ந்த தளத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாமல் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்குக் கால் சுடலையாம்மா?"

சொம்பை அப்படியே தரையில் வைத்தேன். ஓடிப்போய் அவளைத் தூக்கி வாசற்படி நிழலில் விட்டேன். நான்கு எட்டு. நான்கு எட்டுதான்.

திரும்பினேன்.

மணை காலியாக இருந்தது.

நடுவில் ஈரமாக இருந்தது. ஆள் உட்கார்ந்து எழுந்த இடம் கொஞ்சமாவது காய்ந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை. மேலே யாருமே உட்காராத மணை போலப் பளபளவென்று நனைந்து கிடந்தது. படிக்கட்டுப் பக்கம் ஓடினேன். ஈரக் கால் தடம் ஒன்றுகூட இல்லை.

2:40.

ஐந்தாவது சொம்பு நிரம்பியபடி அங்கேயே இருந்தது.

3:25க்குத் தெருக் கதவு கிரீச்சிட்டது. சுந்தரம் மட்டும் ஏறி வந்தான். கையில் பழுப்பு நிறக் கவர். தளத்தின் ஈரத்தைப் பார்த்தான்.

"தண்ணியக் கொட்டிட்டியளா மைனி?"

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். பிறகு முகம் உடைந்தது.

"பன்னெண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது."

வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. தொற்று என்று ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியில் சுற்றித்தான் கொடுப்பார்களாம், பிரிக்கக் கூடாதாம். அம்மை கண்டு போனவரை எரிக்கக் கூடாது என்று அத்தை ஒற்றைக்காலில் நின்று, கண்ணம்மாப்பேட்டையில் புதைத்தார்கள். கடைசியாக அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. சுந்தரமும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அத்தை அந்தப் பழுப்புக் கவரைப் பிரித்து எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்கள். நெஞ்சுக்கூட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். எண்ண முடியாத அளவுக்கு.

"பாத்தியா... உள்ள பூரா முத்து" என்றார்கள். "நான் சொன்னேன்லாட்டி... தொண்டையில போட்டிருக்கான்னு. நெஞ்சு பூரா போட்டிருக்கா. எம் பிள்ளை எங்கட்டி மூச்சு விடுவான்? எடமே இல்லையேட்டி..."

படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அத்தை அழுதார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காலண்டர் தாள்கள் என் இடுப்பில் செருகியிருந்தன. அந்தக் கிழவியின் தவறு அறியாமல் செய்தது. என்னுடையது அப்படி இல்லை. அதைச் சொல்லி அவர்கள் பாரத்தைப் பாதியாவது இறக்கியிருக்கலாம். சொல்லவில்லை. சாகும்வரை அவர்கள் தன்னால்தான் என்றே நினைத்தார்கள். நான் நினைக்க விட்டேன்.

தளத்தில் நடந்ததை மனம் கலங்கிப்போய்க் கண்ட தோற்றம் என்று முடிவுகட்டிவிடப் பார்த்தேன். காலி மணைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அவ்வளவுதான். மீனாவிடம் மட்டும் இன்றுவரை கேட்டதில்லை. 'நான் அப்பாவைப் பார்க்கவே இல்லையே' என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

ஜூன் கடைசியில் இறப்புச் சான்றிதழ் வாங்க அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுந்தரம் கியூவில் நின்றான். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காக்கிச் சட்டை போட்ட வயதான அட்டெண்டர் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டு இரண்டு தரம் கடந்து போனார். மூன்றாம் தரம் நின்றார். சட்டையில் பெயர் தைத்திருந்தது. ஷரஃபுதீன்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதே. போன மாசம் வெள்ளிக்கெயம, அம்மையில ஒருத்தர் வந்தாரே, நல்லா ஓங்குதாங்கா... கூட வந்த தம்பி அதோ கியூவுல நிக்குது. நீ அவரு சம்சாரமா?"

தலையசைத்தேன்.

"ஒண்ணு கேக்கணும். மனசுலயே கீது. அவருக்குத் தண்ணி ஊத்தினது யாரு?"

"என்ன தண்ணி?"

"பன்னெண்டு மணிக்கு நான்தாம்மா துணி போத்தி உள் ரூம்ல வுட்டேன். பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கினேன். உங்க ஆளுங்க ரெண்டு பேரும் இங்க, இந்த பெஞ்சுலதான், பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக்கினு இருந்தாங்க. ரெண்டே முக்காலுக்கு நான் தொறந்தா..." குரலைத் தாழ்த்தினார். "டொக்கு டொக்குன்னு சத்தம். ட்ராலிக்கு அடியில தண்ணி சொட்டிக்கினு கீது. துணி தொப்பலா நனைஞ்சிருக்கு. அந்த ரூம்ல தண்ணிக் கொயாயே கெடையாதும்மா. தல மயிரெல்லாம் மஞ்ச வாசன. காதுக்குப் பின்னால ஒரு வேப்பிலை ஒட்டிக்கினு இருந்துச்சி."

நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன்.

"யாராண்டயும் சொல்லல. சொன்னா என்னத்தான் ஏதாச்சும் கேப்பாங்க. நானே தொடச்சி, வேற துணி மாத்திக் கட்டிக் குடுத்தேன்." நெற்றியைச் சொறிந்தார். "இன்னொண்ணும்மா. அதுதான் எனக்கு இன்னி வரிக்கும் புரியல. தல, தோளு, முதுகு எல்லாம் தொப்பலு..."

நிறுத்தினார்.

"காலு ரெண்டும் மட்டும் காஞ்சி கெடந்துச்சி. ஒரு பொட்டு தண்ணி படல."

அந்த ஐந்தாவது சொம்பைப் பற்றி நான் அதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.